அடிமனை யாருக்கு?



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் மோட்சத்தைப் பற்றியதல்ல. மோட்சத்துக்குப் போகிறவரையில் நாம் படுத்துத் தூங்க வேண்டிய இடத்தைப் பற்றியது. மதுரையிலும் மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களிலும் இரண்டு மூன்று தலைமுறையாக ஒரே தெருவில் உழைத்துப் பிழைத்து வந்த ஜனங்கள், அந்தத் தெருவுக்கு நல்ல ரோடும் சாக்கடையும் விளக்கும் வந்த கொஞ்ச நாளைக்குள் அங்கிருந்து மூட்டை கட்ட வேண்டியிருப்பது ஏன் என்பதையும், அதைத் தடுக்க நம்முடைய வரிப்பணத்தையே எப்படி உபயோகிக்கலாம் என்பதையும் பற்றி என் அறிவுக்கு எட்டிய சில சங்கதிகளைச் சொல்லப் போகிறேன். நான் காலேஜில் படித்தவனல்ல. ஆகையால் நான் சொல்லுவதை அப்படியே ஏற்றுக்கொண்டுவிடாமல், உங்கள் தெருவில் நடப்பதோடு ஒத்துப் பார்த்து, சரியென்று பட்டதை மாத்திரம் எடுத்துக் கொள்ளும்படி கேட்டுக் கொள்ளுகிறேன்.

மதுரை 1971-ல் கார்ப்பரேஷன் ஆயிற்று. 2011-ல் அவனியாபுரம், ஆனையூர், திருப்பரங்குன்றம் என்ற மூன்று நகராட்சிகளும், திருநகர், ஹார்விபட்டி, விளாங்குடி முதலிய பேரூராட்சிகளும், பல கிராமப் பஞ்சாயத்துகளும் இதோடு சேர்க்கப்பட்டன. சுமார் 52 சதுர கிலோமீட்டராயிருந்த நகரம் சுமார் 148 சதுர கிலோமீட்டராய் விட்டது. 72 வார்டு 100 வார்டாயிற்று. நேற்றுவரை நெல்லும் மல்லிகையும் விளைந்த நிலம் ஒரே கையெழுத்தில் பட்டண மனையாயிற்று. அப்புறம் 2016-ல் ‘ஸ்மார்ட் சிட்டி’ பட்டியலில் மதுரை சேர்க்கப்பட்டது. பெரியார் பஸ் நிலையத்தை இடித்துப் புதிதாகக் கட்டினார்கள், வைகைக் கரையில் ரோடு போட்டார்கள், கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளில் கல் பதித்தார்கள்.

ரோடு வேண்டாம், விளக்கு வேண்டாம் என்று நான் சொல்லுவதாக யாரும் நினைத்துவிடக் கூடாது. சேற்றிலே நடந்து பழகிய ஜனங்களுக்கு ரோடு வேண்டும். நான் கேட்பதெல்லாம் ஒரே ஒரு கேள்விதான். அந்த ரோடு யாருடைய பணத்தில் போடப்பட்டது? தீப்பெட்டி வாங்குகிறவன் முதல் மோட்டார் வாங்குகிறவன் வரை எல்லோரும் கொடுத்த வரிப்பணத்தில். சரி, ரோடு போட்டதனால் அந்தத் தெருவில் ஒரு சென்ட் மனையின் விலை இரட்டிக்கிறதே, அந்த ஏற்றம் யாருக்குப் போகிறது? ரோட்டுக்குக் கல் சுமந்தவளுக்கா? வரி கொடுத்தவனுக்கா? பத்திரம் யார் பேரில் இருக்கிறதோ அவனுக்கு. அவன் ஒரு கூடை மண்கூட அள்ளிக் கொட்டியிருக்க வேண்டியதில்லை. சென்னையிலோ துபாயிலோ அவன் பாட்டுக்கு இருக்கலாம். ஊரார் பணம் அவன் மனையில் போய் ஏறிக்கொள்ளும்.

இனி அந்தத் தெருவில் குடியிருப்பவன் கதியைப் பாருங்கள். நம் மதுரையில் வளவு என்றும் காம்பவுண்டு என்றும் சொல்லுகிறோமே, ஒரு முற்றம், ஒரு குழாய், ஒரு கக்கூஸ், அதைச் சுற்றிப் பத்துக் குடித்தனம், அங்கேதான் நம்மவர்களில் பெரும்பாலோர் இருக்கிறார்கள். சிலர் மாத வாடகைக்கு இருக்கிறார்கள். சிலர் கையிலிருந்த நகையையெல்லாம் விற்று ஒத்திக்கு இருக்கிறார்கள். மனை விலை ஏறினவுடன் வீட்டுக்காரர் வந்து, “வீட்டை இடித்துக் கட்டப் போகிறேன், ஒத்திப் பணத்தை வாங்கிக் கொள்ளுங்கள்” என்கிறார். ஐந்து வருஷத்துக்கு முன் கொடுத்த ஒத்திப் பணம் அப்படியே திரும்புகிறது. ஆனால் அந்தத் தொகைக்கு அதே தெருவில் ஒரு திண்ணைகூட இப்போது கிடைக்காது. மூன்று மைலுக்கு அப்பால் போய் வீடு தேடினால், அங்கே முதல் கேள்வி வாடகையைப் பற்றி அல்ல. “நீங்கள் என்ன ஆட்கள்?” என்பதுதான். தாழ்த்தப்பட்ட ஜாதியைச் சேர்ந்தவர்களும் முஸ்லிம் தோழர்களும் இந்தக் கேள்வியை எத்தனை வாசற்படியில் நின்று கேட்டிருப்பார்கள் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். பழைய தெருவில் நாற்பது வருஷம் பழகினதால் அந்தக் கேள்வி ஓய்ந்திருந்தது. இடம் மாறினவுடன் அது மறுபடியும் உயிர் பெற்று விடுகிறது. ஆதலால் இடப்பெயர்ச்சி என்பது சட்டி பானையை வண்டியில் ஏற்றுவதோடு முடிகிற சங்கதி அல்ல.

தொழிலையும் யோசியுங்கள். செல்லூரில் தறி வைத்திருக்கிறவனுக்குத் தெருவே தொழிற்சாலை. பாவு நீட்டிக் கஞ்சி போட நீளமான தெரு வேண்டும். குழித்தறியானால் வீட்டுக்குள் குழி வெட்ட வேண்டும். வாடகை வீட்டில் எவன் குழி வெட்ட விடுவான்? மாட்டுத்தாவணியில் விடிவதற்கு முன் பூ வந்து இறங்குகிறது. அதை வாங்கிக் கட்டிக் கொடுத்து முழத்துக்கு இவ்வளவு என்று சம்பாதிக்கும் பெண்கள், பத்து மைலுக்கு அப்பால் போய்விட்டால் அந்தத் தொழிலை விட்டுவிட வேண்டியதுதான். பெண்களுக்கு 2021 முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லையே என்று சிலர் சொல்லலாம். அது நல்ல காரியம், சந்தேகமில்லை. ஆனால் காலை நாலு மணிக்கு அந்த பஸ் எங்கே இருக்கிறது?

இதற்கெல்லாம் சர்க்கார் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்லிவிட முடியாது. 1970-ல் குடிசை மாற்று வாரியம் ஏற்பட்டது. 1971-ல் அதற்கென்று சட்டம் வந்தது. முதலில் குடிசை இருந்த இடத்திலேயே மாடி வீடு கட்டினார்கள். அது யோக்கியமான காரியம். பின்னர் பட்டணத்து மனை விலை ஏற ஏற, ஏழைக்கு வீடு கட்டும் இடம் பட்டணத்தை விட்டு ஓடிக்கொண்டே போயிற்று. சென்னையில் 2000-க்குப் பிறகு கண்ணகி நகரில் 15,000-க்கு மேற்பட்ட வீடுகள், அதற்கும் அப்பால் செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். மதுரையில் மத்திய சர்க்காரின் நகரப் புனரமைப்புத் திட்டத்தில் ராஜாக்கூரில் கட்டினார்கள். வீடு கட்டியாயிற்று, ஆள் போய்க் குடியேறத் தயங்கிற்று. “ஓசியில் வீடு கொடுத்தாலும் போக மாட்டேன் என்கிறார்களே, இந்த ஜனங்களை என்ன செய்வது?” என்று சில பெரிய மனிதர்கள் வருத்தப்பட்டார்கள். அந்தப் பெரிய மனிதர்களின் ஆபீசையும், பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தையும், ஆஸ்பத்திரியையும் இங்கேயே வைத்துவிட்டு அவர்களை மாத்திரம் ராஜாக்கூருக்குப் போகச் சொன்னால் போவார்களா? வாரியத்தின் பெயர் 2021-ல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறியிருக்கிறது. பெயர் அழகாய்த்தான் இருக்கிறது.

இன்னொரு திட்டம், பிரதம மந்திரி பெயரில் 2015-ல் வந்தது. சொந்தமாய் மனை வைத்திருப்பவன் வீடு கட்டிக்கொள்ள 2 லட்சத்துச் சொச்சம் மானியம். மனையில்லாதவன் என்ன செய்வான்? அந்தப் பிரிவில் அவனுக்கு வழியில்லை. பசித்தவனிடம், “இலை உன்னுடையதாயிருந்தால் சோறு போடுகிறேன்” என்று சொல்லுவது மாதிரி இருக்கிறது.

அதனால்தான் தோழர்கள் பலர், “எல்லோருக்கும் பட்டா கொடுத்துவிட்டால் சரியாய்ப் போய்விடும்” என்கிறார்கள். பட்டா கிடைக்க வேண்டியதுதான். ஆனால் தனித்தனிப் பட்டா மாத்திரம் கொடுத்தால் அது எத்தனை நாளைக்கு நிற்கும் என்பதை நம்முடைய ஊரிலேயே பார்க்கலாம். 1840-களில் பிளாக்பர்ன் என்ற கலெக்டர் மதுரைக் கோட்டையை இடித்தார். கோட்டைச் சுவரைப் பங்கு பங்காய் அளந்து, தன் பங்குச் சுவரை இடித்து அகழியை எவன் தூர்க்கிறானோ அவனுக்கே அந்த இடம் என்று ஏற்பாடு செய்தார். வெளி வீதிகளும், மாரட் வீதியும், பெருமாள் மேஸ்திரி வீதியும் அப்படி உண்டானவைதான். உழைப்புக்கு நிலம் என்ற அந்த ஏற்பாட்டை நான் குற்றம் சொல்ல மாட்டேன். இன்றைக்கு அந்த வீதிகளில் போய்ப் பாருங்கள். லாட்ஜும் ஜவுளிக்கடையும் நகைக்கடையும்தான் நிற்கின்றன. மண் சுமந்தவன் பேரன் அங்கே ஒரு சந்தில் வாடகை வீடு பிடிக்க முடியுமா?

அதைவிடப் பெரிய பாடம் பஞ்சமி நிலம். செங்கல்பட்டுக் கலெக்டர் திரமென்ஹீர் தாழ்த்தப்பட்ட மக்களின் நிலைமையைப் பற்றி எழுதிய அறிக்கையின் பயனாய், 1892-ல் சர்க்கார் அவர்களுக்கு நிலம் ஒதுக்க உத்தரவு போட்டது. பத்து வருஷத்துக்கு விற்கக் கூடாது. அதற்குப் பிறகும் அதே வகுப்பாருக்குத்தான் விற்கலாம் என்று நிபந்தனை. நிபந்தனை நல்ல நிபந்தனை. அதைக் காக்க வேண்டியவர் யார்? தாலுகா ஆபீஸ். தாலுகா ஆபீஸில் உட்கார்ந்திருந்தவர் யார் ஜாதி? கடனுக்கும், கலியாணத்துக்கும், கருமாதிக்கும், மிரட்டலுக்கும் கைமாறின அந்த நிலங்களை மீட்க இன்னும் மனுப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். தனி மனிதனுக்குக் கொடுத்ததைத் தனி மனிதனிடமிருந்து பிடுங்குவது சுலபம். அவன் வீட்டில் ஒரு நோய் வந்தால் போதும்.

“அப்படியானால் என்னதான் செய்யச் சொல்லுகிறீர்?” என்று கேட்பீர்கள். அதற்குப் பதில் சொல்ல நான் வெளிநாட்டுக்குப் போக வேண்டியதில்லை. உங்களில் பலர் கோயில் அடிமனையில் குடியிருக்கிறீர்கள். அதாவது வீடு உங்களுடையது. வீட்டுக்கு அடியில் இருக்கும் மண் சாமியுடையது. நீங்கள் வீட்டைக் கட்டலாம், அனுபவிக்கலாம். மண்ணை விற்க முடியாது. தர்மகர்த்தாவும் அறநிலையத் துறைக் கமிஷனர் உத்தரவில்லாமல் விற்க முடியாது. 1959-ம் வருஷத்துச் சட்டம் அப்படி. ஏனென்றால், கோர்ட்டார் தீர்ப்புப்படி சாமி ஒரு ஆள். அதுவும் மைனரைப் போல் காப்பாற்றப்பட வேண்டிய ஆள். மைனர் சொத்தை யாரும் தொடக் கூடாது. திருட்டும் ஆக்கிரமிப்பும் எவ்வளவோ நடந்தும், இத்தனை நூற்றாண்டு கழித்து இவ்வளவு நிலம் கோயில் பேரில் மிஞ்சி நிற்பதற்குக் காரணம் சாமியின் சக்தி அல்ல; விற்க முடியாது என்ற இந்த ஒரே ஏற்பாடுதான்.

தோழர்களே! இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். உண்ணாத, உறங்காத, மழைக்கு ஒதுங்கத் தேவையில்லாத ஒரு கல்லுக்குப் பொதுவில் நிலம் எழுதி வைத்து, அதைத் தலைமுறை தலைமுறையாய் விற்காமல் காப்பாற்ற நமக்குப் புத்தி இருந்திருக்கிறது. பிள்ளை குட்டியோடு மழையில் நனைகிற ஒரு தெரு ஜனத்தின் பேரில் அதே மாதிரி எழுதி வைக்க மாத்திரம் ஏன் புத்தி இல்லாமல் போய்விட்டது?

நான் சொல்லும் யோசனை இவ்வளவுதான். அடிமனை அந்தத் தெருவில் குடியிருப்பவர்கள் எல்லோரும் சேர்ந்த ஒரு சங்கத்தின் பேரில் இருக்க வேண்டும். வீடு அவரவருக்கு, பிள்ளைக்கும் பெண்ணுக்கும் பாத்தியம் போகும். வீட்டைக் கொடுத்துவிட்டுப் போக நினைப்பவர், போட்ட பணத்தோடு நியாயமான ஒரு பங்கு ஏற்றத்தையும் வாங்கிக்கொண்டு சங்கத்துக்கோ சங்கம் சேர்க்கும் வேறொரு குடும்பத்துக்கோ கொடுக்க வேண்டும். மண்ணை மாத்திரம் யாரும் விற்க முடியாது. இப்போதைய கோயில் அடிமனையில் உள்ள குறை என்னவென்றால், குடியிருப்பவனுக்கு நிர்வாகத்தில் ஒரு வோட்டும் கிடையாது; சந்தை மதிப்பை ஒட்டி வாடகையை ஏற்றினால் கட்ட வேண்டியதுதான், இல்லாவிட்டால் நோட்டீஸ். சங்கத்தின் அடிமனையில் வாடகையை நிர்ணயிப்பவர்களும் அதைக் கொடுப்பவர்களும் ஒருவரேயாவார்கள்.

இது கனவு என்று சொல்லுகிறவர்களுக்காக இப்போது கொஞ்சம் வெளி உலகத்தைப் பார்ப்போம். இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. 1956-57-ல் வினோபா தமிழ்நாட்டில் நடந்து திரிந்து பூதானமும் கிராமதானமும் கேட்டார். வத்தலக்குண்டு முதலாய அன்றைய மதுரை ஜில்லாவின் கிராமங்கள் பல கிராமதானம் ஆயின. நிலம் முழுவதும் கிராமத்துக்குப் பொது, உழுகிறவன் அனுபவிக்கலாம், விற்கக் கூடாது என்பது அதன் கருத்து. கருத்தைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் பெயரைப் பாருங்கள், தானம்! மிராசுதாரன் மனம் இளகிக் கொடுப்பது. இளகின மனம் மறுபடி இறுகினால் யார் கேட்பது? தானமாகக் கொடுத்த நிலத்தில் பயிர் செய்ய ஏர் வேண்டும், கிணறு வேண்டும், பணம் வேண்டும். அது தேவையான அளவுக்கு வரவில்லை. காகிதத்தில் பொதுவான கிராமம் பல இடங்களில் காகிதத்திலேயே நின்றுவிட்டது.

இந்தக் கிராமதானத்தைப் பற்றிப் படித்த அமெரிக்கர் சிலர், அங்கே நீக்ரோ மக்களின் உரிமைப் போராட்டத்திலிருந்தவர்களோடு சேர்ந்து, 1969-ல் ஜார்ஜியா மாகாணத்தில் சுமார் 5,700 ஏக்கர் நிலத்தைக் கறுப்பு உழவர்களுக்குப் பொதுவாய் வாங்கினார்கள். ‘நியூ கம்யூனிட்டீஸ்’ என்று பெயர். வரும் என்று நம்பியிருந்த மத்திய சர்க்கார் மானியம், மாகாண கவர்னரின் எதிர்ப்பினால் வராமல் போயிற்று. பின்னர் வறட்சி வந்தபோது விவசாய இலாகா வெள்ளைக்காரருக்கு உடனே கொடுத்த அவசரக் கடனை இவர்களுக்கு இழுத்தடித்தது. 1985-ல் கடனுக்காக நிலம் முழுவதும் போய்விட்டது. 2009-ல், நிறபேதம் காட்டினது குற்றம் என்று தீர்ப்பாகி 1 கோடியே 20 லட்சம் டாலர் நஷ்ட ஈடு கிடைத்தது. பொதுச் சொத்து என்ற கருத்து இருந்தது, உழைக்கும் ஜனமும் இருந்தது. பொதுப் பணம் இல்லாததால் பிள்ளை பிழைக்கவில்லை.

அதே அமெரிக்காவில் பர்லிங்டன் என்று ஒரு சிறு நகரம். மதுரையின் ஒரு சில வார்டுகளுக்குள் அடங்கிவிடும். 1984-ல் அந்த நகரசபை தன் பணத்தில் 2 லட்சம் டாலர் எடுத்து இம்மாதிரி ஒரு சங்கத்துக்கு முதல் கொடுத்தது. மண் சங்கத்தினுடையது, வீடு வாங்கினவன் விற்கும்போது ஏற்றத்தில் கால் பங்கு அவனுக்கு, மீதி வீட்டிலேயே தங்கிவிடும். ஆகையால் அடுத்து வரும் தொழிலாளிக்கும் அது எட்டும் விலையிலேயே இருக்கும். அந்தச் சங்கம் பெயர் மாறி, பெரிதாகி, இன்று வாடகை வீடும் சொந்த வீடுமாய் ஆயிரக்கணக்கில் வைத்துக்கொண்டிருக்கிறது. இரண்டு இடத்திலும் நாடும் ஒன்று, கருத்தும் ஒன்று. ஒன்றுக்கு நகரசபைப் பணம் வந்தது.

“வெள்ளைக்காரன் நாட்டுக் கதை நமக்கு எதற்கு?” என்பீர்களானால், சயாம் தேசத்தைப் பாருங்கள். அங்கே 2003-ல் ‘பான் மங்கோங்’ என்ற திட்டம் ஆரம்பித்தார்கள். உறுதியான வீடு என்று அர்த்தம். சர்க்கார் பணத்தைக் கண்டிராக்டரிடம் கொடுப்பதில்லை. சேரி ஜனங்கள் முதலில் சேமிப்புச் சங்கம் வைத்து, வாங்கப் போகும் கடனில் பத்தில் ஒரு பங்காவது தாங்களே சேர்க்க வேண்டும். சேர்த்தால் அவர்களுடைய கூட்டுறவுச் சங்கத்துக்குச் சர்க்கார் குறைந்த வட்டியில் கடனும், ரோடு சாக்கடைக்கு மானியமும் கொடுக்கிறது. நிலத்தைச் சங்கமே விலைக்கு வாங்குகிறது, அல்லது நீண்ட காலக் குத்தகைக்கு எடுக்கிறது. 1 லட்சம் குடும்பங்களுக்கு மேல் இப்படிப் பெரும்பாலும் இருந்த இடத்திலோ அதற்குப் பக்கத்திலோ வீடு பெற்றிருக்கின்றன. அவர்கள் நம்மைவிடப் பணக்காரர்களல்லர். ரிக்ஷா ஓட்டினவர்கள், குப்பை பொறுக்கினவர்கள், சாலையில் பலகாரம் விற்றவர்கள்.

இலங்கையிலும் 1984 முதல் பத்து லட்சம் வீட்டுத் திட்டம் என்று நடத்தி, சாக்கடையும் கிணறும் கட்டும் வேலையைச் சேரிச் சங்கங்களுக்கே கண்டிராக்ட் கொடுத்துப் பார்த்தார்கள், நன்றாய் நடந்தது. ஆனால் கொழும்பின் அடிமனை ஜனங்களின் கைக்குப் பலமாய் வராததால், 2010-க்குப் பிறகு நகர அபிவிருத்தியை ராணுவ இலாகாவின் கீழ் கொண்டுவந்து பல ஆயிரம் குடும்பங்களை மாடிக் கட்டடங்களுக்கு ஏற்றினார்கள்.

நம் நாட்டிலும் பொதுப் பணத்தைச் சங்கத்தின் மூலம் வீட்டுக்குச் செலவிட்டது புதிதல்ல. 1953-ல் மில் துணி மீது ஒரு தீர்வை போட்டு, அந்தப் பணத்தில் கைத்தறிக்காரர்களுக்கு உதவி செய்தார்கள். நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் மூலமாய் அன்றைய சென்னை மாகாணத்தில் நெசவாளர் காலனிகள் எழுந்தது அந்தப் பணத்தில்தான். மில் முதலாளியின் துணி, கைத்தறிக்காரனின் சுவருக்குச் செங்கல் கொடுத்தது! தவணை கட்டி முடித்தவுடன் வீடும் மனையும் தனித்தனியே அவரவருக்குப் போய்விடுவது நமது வீட்டுக் கூட்டுறவுச் சங்கங்களின் வழக்கம். அந்த ஒரு கண்ணியை மாத்திரம் மாற்றி, மண்ணைச் சங்கத்திடமே வைத்துக்கொண்டால் போதும்.

பணம் எங்கே என்று கேட்பார்கள். பணம் பத்திர ஆபீஸில் இருக்கிறது. இன்று நீங்கள் ஒரு மனை வாங்கினால் நூற்றுக்கு 5 முத்திரைத் தீர்வை, 2 பதிவுக் கட்டணம், இவை தவிர இன்னொரு 2 சொத்து மாற்றுத் தீர்வை என்று கட்டுகிறீர்கள். கடைசியாய்ச் சொன்ன அந்த 2, உள்ளாட்சிக்குப் போக வேண்டியது. மனை விலை ஏறுகிற அளவுக்கு அதுவும் ஏறுகிறது. எந்த ஏற்றம் ஏழையைத் தெருவிலிருந்து தள்ளுகிறதோ அந்த ஏற்றத்திலிருந்தே வருகிற பணம் அது. அதில் கால் பங்கைத் தனியே எடுத்து வைத்து, ஒவ்வொரு வருஷமும் ரோடு போடப் போகிற தெருக்களில், ரோடு போடுவதற்கு முந்தியே, விலை ஏறுவதற்கு முந்தியே, விற்பனைக்கு வருகிற வளவுகளையும் புறம்போக்கு மனைகளையும் அங்குள்ள சங்கத்துக்கு வாங்கிக் கொடுக்கட்டும். ரோடு போட்ட பிறகு வாங்கினால், நாம் போட்ட ரோட்டுக்கு நாமே இரண்டாம் தடவை பணம் கொடுத்தவர்களாவோம். விமான நிலையம் மாதிரி பெரிய காரியத்துக்கு ஒரு ஊரையே எடுப்பதானால் இன்னும் அதிகம் கவனிக்க வேண்டும். 2024 நவம்பரில் சின்ன உடைப்பு ஜனங்கள், கார்ப்பரேஷன் எல்லைக்குள்ளேயே மாற்று இடம் கொடுக்காமல் எங்களை அப்புறப்படுத்தக் கூடாது என்று உட்கார்ந்தார்களே, அவர்கள் கேட்டது நியாயம். பணத்தைக் கையில் கொடுத்து ஊரைக் கலைத்துவிட்டால், பணம் போன பிறகு ஊரும் இருக்காது.

இப்போது நம்மவர்களுக்கே கசப்பான ஒரு சங்கதியைச் சொல்ல வேண்டும். ‘ஊர்ப் பொது’ என்று கேட்டவுடன் கை தட்டிவிடாதீர்கள். நம் நாட்டில் ஊர் என்றால் யார்? சேரி ஊருக்கு வெளியே என்றுதானே பாஷையிலேயே வைத்திருக்கிறோம்! ஊர்ப் பொதுக் கிணறு என்றான், யாருக்குப் பொது? ஊர்ப் பொதுப் பாதை என்றான்; உத்தப்புரத்தில் குறுக்கே சுவர் எழுப்பினார்கள். 2008 மே மாதத்தில் சர்க்கார் வந்து அதில் ஒரு பகுதியை இடிக்க வேண்டியிருந்தது. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் பஞ்சாயத்துகளில் தாழ்த்தப்பட்டவர் தலைவராய் வரக் கூடாது என்று 1996 முதல் பத்து வருஷம் தேர்தலே ஒழுங்காய் நடக்கவில்லை, 2006-ல்தான் நடந்தது. மேலவளவில் 1997-ல் தலைவராய் வந்தவரை வெட்டிக் கொன்றார்கள். எல்லாம் நம் மதுரை ஜில்லாதான். இந்த ‘ஊர்’ கையில் கொண்டுபோய் அடிமனையைக் கொடுத்தால், ஜாதிக்கு ஒரு கோட்டை கட்டிக் கொடுத்ததாகத்தான் ஆகும்.

ஆகவே சங்கத்தின் சட்டம் இப்படித்தான் இருக்க வேண்டும்: அந்தத் தெருவில் குடியிருக்கும் வயது வந்த ஒவ்வொருவரும் அங்கத்தினர்; புருஷனுக்கு ஒரு வோட்டு, பெண்சாதிக்கு ஒரு வோட்டு. வீட்டுப் பத்திரத்தில் பெண் பெயர் கட்டாயம் இருக்க வேண்டும். குடித்துவிட்டு விற்பதற்கு அவன் பேரில் மாத்திரம் ஒன்றும் இருக்கக் கூடாது. ஜாதிச் சங்கத்துக்கு அடிமனை கிடையாது. ஒரே ஜாதியாய் விண்ணப்பம் போட்டால் தள்ளிவிட வேண்டும். காலியாகிற வீட்டுக்கு வரிசைப்படி ஆள் சேர்க்க வேண்டும், “நீங்கள் என்ன ஆட்கள்?” என்று கேட்கிற நிர்வாகி அந்த நிமிஷமே நிர்வாகியல்லாமல் போக வேண்டும். சங்கப் பணத்தில் கொடைக்கும் திருவிழாவுக்கும் ஒரு காசு எடுக்கக் கூடாது. மாதத்துக்கு ஒரு தடவை கணக்கைத் தெருவில் உரக்கப் படிக்க வேண்டும். எழுதி ஒட்டினால் போதாது. கூட்டுறவு என்ற பெயரை வைத்துக்கொண்டு வருஷக்கணக்காய்த் தேர்தலில்லாமல் தனி அதிகாரியின் கையில் கிடந்த சங்கங்களை நாம் பார்த்திருக்கிறோம். அப்படிச் செய்ய இடமில்லாதபடி சட்டத்திலேயே கட்டிவிட வேண்டும்.

சில இடங்களில் தெரு முனையில் ஒரு பிள்ளையாரை வைத்துவிட்டால் இடிக்க வரமாட்டான் என்று நினைக்கிறார்கள். இடிக்க வருகிற அதிகாரி பிள்ளையாரை மரியாதையாய்த் தூக்கி ஓரமாய் வைத்துவிட்டு உங்கள் வீட்டை இடிப்பான். சில சமயம் பிள்ளையாரை விட்டுவிட்டு உங்களை மாத்திரம் ராஜாக்கூருக்கு அனுப்புவான். அந்தச் செலவில் ஒரு சங்கத்தைப் பதிவு செய்யலாம்.

நான் பேசிக்கொண்டிருக்கும்போதே இரண்டு மூன்று சீட்டு வந்திருக்கிறது. ஒரு தோழர், “ஏழைகளிடம் பொதுச் சொத்தைக் கொடுத்தால் சண்டை போட்டு அழித்துவிடமாட்டார்களா?” என்று கேட்டிருக்கிறார். சண்டை வரத்தான் செய்யும். பணக்காரர் மாடி வீட்டுச் சங்கங்களில் லிப்ட் செலவுக்காகக் கோர்ட் வரைக்கும் போகிறார்கள். அதற்காக அவர்களுக்குச் சொத்து வேண்டாமென்று யாரும் சொல்லக் காணோம். குழுச் சேமிப்பு வைத்துப் பத்து இருபது வருஷமாய்க் கடன் கொடுத்து வாங்கிக்கொண்டிருக்கிற பெண்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறார்கள். அவர்கள் நோட்டை வாங்கிப் பாருங்கள்.

இன்னொரு சீட்டு: “கண்மாய்க் கரையில் இருப்பவர்களையும் அங்கேயே விட்டுவிடச் சொல்லுகிறீரா?” தல்லாகுளம் என்று பெயர், குளத்தைக் காணோம், கார்ப்பரேஷன் மாளிகை இருக்கிறது. உலகனேரி என்று பெயர். 2004 முதல் அங்கே ஹைக்கோர்ட் கிளை இருக்கிறது. பெரிய காரியத்துக்கு ஒரு நியாயமும் கூலிக்காரனுக்கு ஒரு நியாயமும் இருப்பதை முதலில் சொல்லி வைக்கிறேன். அப்புறம் உள்ளதைச் சொன்னால், வெள்ளம் புகுகிற இடத்தில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு யாரும் இருக்க வேண்டாம். அந்த ஜனங்களை மொத்தமாய், ஒரே சங்கமாய், அதே வார்டிலோ அடுத்த வார்டிலோ வாங்கும் அடிமனைக்கு மாற்ற வேண்டும்; வீடு கட்டி முடித்த பிறகு கரையைக் காலி செய்ய வேண்டும்.

கடைசிச் சீட்டு: “வேறு ஊரிலிருந்தும் வடநாட்டிலிருந்தும் பிழைக்க வந்தவனுக்கு இந்தச் சங்கத்தில் இடமுண்டா?” உண்டு. தெருவில் இத்தனை வருஷம் குடியிருந்தவன் என்று ஒரு காலத்தை வைத்துக் கொள்ளுங்கள். மூன்று வருஷம் போதும் என்பது என் அபிப்பிராயம். அதற்குமேல் அவன் பாஷையையும் ஊரையும் கேட்காதீர்கள். நம் பாட்டன்மார் ரங்கூனுக்கும் பினாங்குக்கும் கண்டித் தோட்டத்துக்கும் மூட்டை கட்டினபோது அங்கே அடிமனை வாங்கிக்கொண்டா போனார்கள்? வீட்டு வரியைப் பற்றி யாரோ கேட்டிருக்கிறார்கள். அதற்குப் பதில் சொல்ல நமது வக்கீல் தோழர் வந்திருக்கிறார். ஆகையால் நான் உட்காருகிறேன்.